வேற்றுமை உருபும் ஆங்கில முன்னிடைச் சொல்லும்

சென்ற ஆண்டின் இறுதியில் ஒரு தந்தையார் என்னைக் காணப் பள்ளிக்கு வந்தார். தம்போயில் குடியிருப்பவர், நாள்தோறும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்பவர். எங்கள் பள்ளி தோட்டப் பள்ளிதான் என்றாலும், தோட்டத்தில் குடும்பங்கள் குறைந்துபோன பின் பிள்ளைகளிற் பாதிப் பேர் பட்டணத்திலிருந்து வேனில் வருகின்றவர்களே. அவருடைய மகளும் அப்படி வருகிறவள்தான். அப்போது ஐந்தாம் ஆண்டு மாணவி. அவளுடைய ஆங்கிலக் கட்டுரை நோட்டை என் மேசைமேல் விரித்து வைத்தார். 'என் குடும்பம்' என்னும் தலைப்பில் அவள் எழுதிய ஒரு பக்கம் சிவப்பு மையால் நிறைந்திருந்தது.

"ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன். தமிழ் இலக்கணம் படிக்கப் படிக்க இவளுடைய ஆங்கிலம் கெட்டுப்போகிறது" என்றார்.

நான் உடனே மறுமொழி கூறவில்லை. நோட்டை ஒரு நாள் வைத்திருந்து தரலாமா என்று கேட்டேன், கொடுத்துச் சென்றார். அன்றிரவு அதைப் படித்தபோது என் மனத்தில் எழுந்தவற்றையே, தமிழ் கற்பிக்கும் மற்ற ஆசிரியர்களுக்கும் பயன்படலாம் என்னும் எண்ணத்தால் ஈண்டு எழுதுகிறேன்.

அந்தப் பக்கத்திலிருந்து நான்கு இடங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். 'மை ஹவுஸ் பிக்' என்பது ஒன்று. 'மை கிராண்ட்மதர் ஸ்டே வித் அஸ். தே ஆர் ஓல்ட்' என்பது மற்றொன்று. 'ஐ டோல்ட் டு மை மதர்' என்பது மூன்றாவது. 'மை ஃபாதர் கோ டு சிங்கப்பூர் வித் மோட்டார்சைக்கிள்' என்பது நான்காவது. நான்கும் பிழையே. ஆனால் நான்கும் ஒரே இடத்திலிருந்து வந்த பிழைகள் அல்ல. எது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் சிவப்பு மையைச் செலவிடுவதில் பயனில்லை. அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமெனின், நம் பிள்ளைகள் நாள்தோறும் புழங்கும் மூன்று மொழிகளிலும் ஒரு பெயர்ச்சொல் தன் துணைச் சொற்களை எந்தப் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறது என்பதை முதலில் காண வேண்டும்.

பெயர்ப்பலகையும் பால்மரமும்

அதற்கு நூலகம் செல்ல வேண்டியதில்லை. நம் பள்ளி வாயிலில் உள்ள பெயர்ப்பலகையே போதும். தேசிய மொழியில் 'செக்கோலா ஜெனிஸ் கெபாங்சாஆன் தமிழ்' என்று எழுதியிருக்கும். 'செக்கோலா' பள்ளி, 'ஜெனிஸ்' வகை, 'கெபாங்சாஆன்' தேசிய. தமிழில் 'தேசிய வகைத் தமிழ்ப் பள்ளி' என்கிறோம். ஆங்கிலத்தில் 'நேஷனல் டைப் தமிழ் ஸ்கூல்' என்பர். தமிழையும் ஆங்கிலத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள்: சொல்லுக்குச் சொல் ஒரே வரிசை. மலாய் மட்டும் பள்ளியை முதலில் நிறுத்தி, அதைச் சிறப்பிக்கும் சொற்களைப் பின்னால் வரச் செய்கிறது. 'பெரிய வீடு' தமிழ். 'பிக் ஹவுஸ்' ஆங்கிலம். 'ரூமா பெசார்', அதாவது 'வீடு பெரிய', மலாய்.

ஆகவே பெயரடை வரையில் தமிழும் ஆங்கிலமும் ஒரே கரையில் நிற்கின்றன. இன்னொரு வகையிலும் இவை ஒத்துள்ளன. நல்ல பையன், நல்ல பெண், நல்ல பிள்ளைகள் என்று நாம் சொல்லும்போது 'நல்ல' என்பது பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறுவதில்லை. ஆங்கிலத்தின் 'குட்' என்பதும் மாறுவதில்லை. இலத்தீனும் பிரெஞ்சும் படிக்கும் பிள்ளைகள் இவ்விடத்தில் படும் துன்பம் நம் பிள்ளைகளுக்கு இல்லை. 1856-ஆம் ஆண்டில் வெளியான திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல், இம்மொழிகளில் பெயரடை என்பது பெயரோடு இணங்கி ஈறு மாறும் தனியினம் அன்று என்றும், பண்பு அல்லது உறவைக் குறிக்கும் பெயரே மற்றொரு பெயருக்கு முன் நின்று அந்தப் பணியைச் செய்கிறது என்றும் விளக்கினார். 'தமிழ்ப் பள்ளி' என்பதில் 'தமிழ்' பெயர்தான். பள்ளியின் முன் நின்றதனால் அடையாயிற்று. 'தமிழ் ஸ்கூல்', 'ரப்பர் ட்ரீ' என்னும் ஆங்கிலத் தொடர்களிலும் நடப்பது இதுவே.

இனி முன்னிடைச் சொல்லுக்கு வருவோம். இங்கே நிலைமை தலைகீழாகிறது. 'வீட்டில்' என்று நாம் பெயருக்குப் பின்னால் உருபை ஒட்டுகிறோம். 'இன் தி ஹவுஸ்' என்று ஆங்கிலம் அதை முன்னால் வைக்கிறது. மலாயும் 'டி ரூமா' என்று முன்னால்தான் வைக்கிறது. பெயரடையில் தமிழோடு நின்ற ஆங்கிலம், உருபின் இடத்தில் மலாயோடு போய் நிற்கிறது.

இதை நான் நன்றாக உணர்ந்தது ஒரு பால்மரத்தால். வகுப்பில் ஒரு நாள், 'என் பழைய வீட்டின் பின்னால் உள்ள பெரிய பால்மரம்' என்னும் தொடரைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொரு பகுதிக்கும் எண் கொடுத்தேன். என் 1, பழைய 2, வீட்டின் 3, பின்னால் உள்ள 4, பெரிய 5, பால்மரம் 6. பிறகு அதையே மலாயில் எழுதினேன்: 'போக்கோ கெத்தா பெசார் டி பெலாக்காங் ரூமா லாமா சாயா.' எண்களை இட்டபோது 6, 5, 4, 3, 2, 1 என்று வந்தது. தமிழைக் கடைசியிலிருந்து முதலுக்குப் படித்தால் மலாய்! பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள். எனக்கே வியப்பாக இருந்தது. இத்தனை ஆண்டு இரண்டு மொழியும் பேசிவிட்டு இதைப் பாராமல் இருந்தேனே என்று.

அடுத்து ஆங்கிலம்: 'தி பிக் ரப்பர் ட்ரீ பிஹைண்ட் மை ஓல்ட் ஹவுஸ்.' இதற்கு எண் இட்டால் 5, 6, 4, 1, 2, 3 என்று வரும். நன்றாகக் கவனியுங்கள். 'என் பழைய வீடு' என்னும் 1, 2, 3 குலையாமல் அப்படியே இருக்கிறது. 'பெரிய பால்மரம்' என்னும் 5, 6 குலையாமல் இருக்கிறது. நடுவில் உள்ள 4, கதவின் கீல் போல நடுவிலேயே நிற்கிறது. கீலுக்கு இரு புறமும் உள்ள இரண்டு பகுதிகள் மட்டும் இடம் மாறிக்கொண்டன. அவ்வளவுதான். ஒரு பெயர்க் கூட்டத்துக்கு உள்ளே ஆங்கிலம் தமிழைப் போல நடக்கிறது. ஒரு கூட்டத்தை மற்றொரு கூட்டத்தோடு இணைக்கும்போது மலாயைப் போல நடக்கிறது.

இதைச் செய்துகாட்ட மூன்று அட்டைகள் போதும். ஒன்றில் 'என் பழைய வீடு', ஒன்றில் 'பின்னால்', ஒன்றில் 'பெரிய பால்மரம்'. மூன்று பிள்ளைகள் அட்டைகளைப் பிடித்து வரிசையாக நிற்க வேண்டும். 'ஆங்கிலம்' என்று ஆசிரியர் சொன்னதும் நடுப்பிள்ளை அசையாமல் நிற்க, ஓரத்தில் உள்ள இருவரும் இடம் மாற வேண்டும். சற்றுத் தேறியபின் ஐந்து அட்டைகள் கொடுக்கலாம்: ஆறு, அருகில், கோயில், முன்னால், மரம். ஆற்றின் அருகில் உள்ள கோயிலின் முன்னால் உள்ள மரம். இந்த ஐந்தையும் வலமிடமாகத் திருப்பினால் 'தி ட்ரீ இன் ஃபுரன்ட் ஆஃப் தி டெம்பிள் நியர் தி ரிவர்' என்று சரியாக அமையும். 'தி' என்னும் சுட்டு எங்கே வரும் என்பது வேறொரு பாடம். அதை இங்கே கலந்து குழப்பவேண்டாம்.

'யாருடையது' என்று சொல்லும் ஆறாம் வேற்றுமையில் மட்டும் ஆங்கிலம் இரண்டு வழியும் வைத்திருக்கிறது. 'என் தம்பியின் புத்தகம்' என்பது 'மை பிரதர்ஸ் புக்'. இங்கே 'ஸ்' என்னும் ஈறு பெயரின் பின்னால் ஒட்டுகிறது. வரிசையும் தமிழ் வரிசையே. 'வீட்டின் கூரை' என்பதை 'தி ரூஃப் ஆஃப் தி ஹவுஸ்' என்றால் அது மலாயின் 'ஆத்தாப் ரூமா' போன்ற வரிசை. ஒரே வேற்றுமைக்கு ஒரு பழைய உருபும் ஒரு முன்னிடைச் சொல்லும் உயிரோடு இருப்பதற்குக் காரணம் உண்டு. அதற்கு ஆங்கிலத்தின் பழைய வரலாற்றைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

ஆங்கிலம் இழந்த உருபுகள்

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வெல்வதற்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் பெயர்கள் நம் பெயர்களைப் போலவே வேற்றுமைக்கு ஏற்ப ஈறு மாறின. கல்லைக் குறிக்கும் 'ஸ்டான்' என்னும் சொல், 'கல்லின்' என்னும் பொருளில் 'ஸ்டானெஸ்' என்றும், 'கல்லுக்கு' என்னும் பொருளில் 'ஸ்டானெ' என்றும் நின்றது. பெயரடையும் உடன் மாறியது. பின்வந்த சில நூற்றாண்டுகளில் இந்த ஈறுகள் தேய்ந்து மறைந்தன. அவை செய்த வேலையை முன்னிடைச் சொற்களும் சொல்வரிசையும் ஏற்றுக்கொண்டன. 'ஸ்டானெஸ்' என்பதில் இருந்த 'எஸ்' மட்டும் இன்றைய 'பிரதர்ஸ் புக்' என்பதில் எஞ்சி நிற்கிறது.

ஆனால் மூவிடப் பெயர்கள் தம் பழைய வடிவுகளை விடவில்லை. 'ஐ, மீ, மை', 'ஹி, ஹிம், ஹிஸ்', 'தே, தெம், தேர்' என்பவை இன்னும் வேற்றுமைக்கு ஏற்ப மாறுகின்றன. இவற்றைப் பிள்ளைகள் வாய்பாடு போல ஒப்பிக்கிறார்கள். எங்கே எது வரும் என்று கேட்டால் விழிக்கிறார்கள். இங்கே தமிழ் இலக்கணம் தரும் உதவியைப்போல் வேறெதுவும் தராது. தமிழில் 'நான்' எழுவாயாக நிற்கும். உருபு ஏற்கும்போது 'என்' ஆகும். என்னை, என்னால், எனக்கு, என்னோடு. 'நானோடு வா' என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது. அந்த உணர்வைத்தான் நாம் பயன்படுத்த வேண்டும். உருபு ஏற்றால் 'நான்', 'என்' ஆவது போல, முன்னிடைச் சொல் முன்னால் வந்தால் 'ஐ', 'மீ' ஆகும். 'வித் ஐ' என்று ஒரு பிள்ளை எழுதினால், "நானோடு என்று சொல்வாயா?" என்று கேளுங்கள், பிள்ளை தானே திருத்திக்கொள்ளும்.

ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டோரிற் பலரும் 'பிட்வீன் யூ அண்ட் ஐ' என்று தவறாகச் சொல்வதுண்டு. 'உனக்கும் எனக்கும் இடையே' என்று இரண்டு பெயரிலும் உருபை ஒட்டிப் பழகிய தமிழ்ப் பிள்ளை இந்தத் தவற்றைச் செய்யக் காரணமே இல்லை.

மூவிடப் பெயர்களைப் பற்றி மேலும் சில சொல்லலாம். 'நாம்', 'நாங்கள்' என்னும் வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லை. இரண்டுக்கும் 'வீ' ஒன்றே. மலாயில் 'கித்தா' என்றால் நாம், 'காமி' என்றால் நாங்கள். இவ்விடத்தில் தமிழும் மலாயும் ஆங்கிலத்தைவிடச் செல்வமுடையவை. மலாயின் 'டியா' அவன், அவள் இரண்டையும் குறிக்கும். ஆதலால் ஆங்கிலத்தின் 'ஹி', 'ஷி' வேறுபாட்டில் மலாய்ப் பிள்ளைகள் தடுமாறுவதுண்டு. தமிழ்ப் பிள்ளைக்கு அந்தத் தடுமாற்றம் குறைவு. ஆனால் அவனுக்கு வேறொரு தடுமாற்றம் உண்டு. தமிழில் வினைமுற்றே பாலையும் இடத்தையும் காட்டிவிடுவதால் 'வந்தான்' என்றாலே தொடர் முற்றுப்பெறும். ஆங்கிலத்தின் 'கேம்' என்பது யாரையும் காட்டாது. அதனால் 'ஹி' என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். 'மழை பெய்கிறது' என்பதற்குக்கூட 'இட் இஸ் ரெய்னிங்' என்று, எதையும் குறிக்காத ஓர் 'இட்' அங்கே வந்து நின்றாக வேண்டும். எழுவாய் இல்லாத வீட்டில் ஆங்கில வினை குடியிருக்காது.

மற்றொரு நுட்பம். 'அவன் தன் புத்தகத்தை அவனிடம் கொடுத்தான்' என்றால் யாருடைய புத்தகம் என்பதில் நமக்கு ஐயமில்லை. 'ஹி கேவ் ஹிஸ் புக் டு ஹிம்' என்றால் ஐயம் எழுகிறது. 'தன்' என்பதன் அருமையை நம் பிள்ளைகளுக்குக் காட்ட ஆங்கில வகுப்பைவிட நல்ல இடம் இல்லை.

நான்கு பிழைகளும் எங்கிருந்து வந்தன?

இப்போது அந்த நோட்டுக்குத் திரும்புவோம்.

'மை ஹவுஸ் பிக்.' இதைத் தமிழ் கெடுத்தது என்று தந்தையார் எண்ணினார். தமிழ் என்ன சொல்கிறது? 'என் வீடு பெரிய' என்று தமிழில் யாரும் நிறுத்துவதில்லை. 'என் வீடு பெரியது' என்கிறோம். பேச்சில் 'பெரிசு' என்போம். பெயருக்கு முன் 'பெரிய' என்று நின்ற சொல், பயனிலையாகும்போது 'பெரியது' என்று மாறுகிறது. மலாயில்தான் 'ரூமா சாயா பெசார்' என்று, அடையாக நின்ற அதே சொல் மாற்றமின்றிப் பயனிலையாகவும் நிற்கும். எனவே இந்தப் பிழையில் பேசியது மலாய். 'பெரிய' என்றால் 'பிக்'; 'பெரியது' என்றால் 'இஸ் பிக்'. தமிழின் 'து' செய்யும் வேலையை ஆங்கிலத்தில் 'இஸ்' செய்கிறது என்று சொல்லிக் கொடுத்தால், தமிழே இந்தப் பிழைக்கு மருந்தாகும்.

'தே ஆர் ஓல்ட்.' இது நம்முடையது, மறுக்க முடியாது. பாட்டி 'இருக்கிறார்கள்' என்று மரியாதையோடு சொல்லப் பழகிய பிள்ளை, பாட்டியை 'ஷி' என்று எழுதக் கூசுகிறது. இதற்கு நான் சிவப்பு மை இடத் தயங்குவேன். ஆங்கிலமும் ஒரு காலத்தில் இதே வழியில் நடந்ததுதான். ஒருவரை 'தௌ' என்றும் பலரை 'யூ' என்றும் அழைத்து வந்த ஆங்கிலேயர், மரியாதைக்காக ஒருவரையும் 'யூ' என்று அழைக்கத் தொடங்கினர். நாளடைவில் 'தௌ' வழக்கொழிந்தது. அதனால்தான் எதிரில் ஒருவரே இருந்தாலும் இன்றும் 'யூ ஆர்' என்று பன்மை வினை வருகிறது. முன்னிலையில் செய்த மரியாதையை அவர்கள் படர்க்கையில் செய்யவில்லை. இக்காலத்தில் ஆண் பெண் என்று சுட்டாத இடத்தில் ஒருவரை 'தே' என்பது உண்டு. அது மரியாதை குறித்ததன்று. இதைப் பிள்ளைக்குச் சொன்னால் 'ஷி' என்பது பாட்டிக்கு அவமதிப்பு ஆகாது என்று விளங்கும்.

'வித் மோட்டார்சைக்கிள்.' தமிழில் 'மோட்டார் சைக்கிளில்' என்கிறோம். ஓடு உருபு அங்கே வருவதில்லை. மலாயில் 'டெங்கான்' என்னும் சொல் 'உடன்' என்னும் பொருளையும், இன்ன கருவியால் அல்லது ஊர்தியால் என்னும் பொருளையும் தரும். பிள்ளை 'டெங்கான்' என்று நினைத்து 'வித்' என்று எழுதியிருக்கிறாள். ஆங்கிலத்தில் 'பை மோட்டார்சைக்கிள்' என்றோ, 'ஆன் ஹிஸ் மோட்டார்சைக்கிள்' என்றோ வர வேண்டும். ஊர்திகளைப் பற்றி ஒரு குறிப்பு: காருக்கு 'இன்', பேருந்துக்கு 'ஆன்' என்பது ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். உள்ளே எழுந்து நடக்க இடமிருந்தால் 'ஆன்'. குனிந்து ஏறி உட்கார மட்டும் இடமிருந்தால் 'இன்' என்று நான் சொல்வது வழக்கம். ஏறி அமர்ந்து ஓட்டும் சைக்கிளுக்கும் குதிரைக்கும் 'ஆன்' என்பது வெளிப்படை.

மூன்றாவதைக் கடைசிக்கு வைத்தேன். 'ஐ டோல்ட் டு மை மதர்.' இந்தப் பிழைக்கு ஆசிரியன் யானே.

உருபு அட்டவணை

பயிற்சி முடித்து வேலைக்கு வந்த புதிதில் ஓர் அட்டவணை எழுதினேன். இன் = இல்; டு = கு, இடம்; வித் = ஓடு; பை = ஆல்; ஃபுரம் = இலிருந்து. பயிற்சிக் காலத்தில் தமிழ் இலக்கணத்தை ஒருவர் கற்பித்தார்; ஆங்கிலத்தை வேறொருவர் கற்பித்தார். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அட்டவணை அழகாக இருந்ததால் மற்ற ஆசிரியர்களும் படியெடுத்தார்கள். அது மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பட்டு எங்கள் ஐந்தாம் ஆண்டு வகுப்பின் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. 'அம்மாவிடம் சொன்னேன்' என்பதை அதைப் பார்த்து எழுதினால் 'ஐ டோல்ட் டு மை மதர்' என்றுதான் வரும். பிள்ளை சுவரில் உள்ளபடி எழுதினாள். ஆசிரியர் சிவப்பு மையால் அடித்தார்.

தொல்காப்பியத்தை ஒருமுறை ஒழுங்காக எண்ணிப் பார்த்திருந்தால் அந்த அட்டவணையை எழுதியிருக்கமாட்டேன். சொல்லதிகாரத்தின் ஒன்பது இயல்களில் வேற்றுமையியல் ஒன்று. அதை அடுத்தே வேற்றுமை மயங்கியல் என்று ஓர் இயல். ஓர் உருபின் இடத்தில் மற்றோர் உருபு வருவதையும், ஒரே பொருளுக்கு இரண்டு உருபு பொருந்துவதையும் கூறவே ஒரு தனி இயலை ஒதுக்கினார் ஆசிரியர். எடுத்துக்காட்டாக, அச்சத்தைக் குறிக்கும் சொல்லுக்கு ஐந்தாம் வேற்றுமையும் இரண்டாம் வேற்றுமையும் ஒப்பவே பொருந்தும் என்கிறார். இன்று நாம் 'பாம்புக்குப் பயம்' என்று நான்காம் உருபையே பெரிதும் வழங்குகிறோம். ஆங்கிலமோ 'அஃப்ரெய்ட் ஆஃப் ஸ்நேக்ஸ்' என்று 'ஆஃப்' சேர்க்கிறது. ஒரு மொழிக்குள்ளேயே ஓர் அச்சத்துக்கு மூன்று உருபுகள் இடம் மாறும்போது, மற்றொரு மொழியின் சொல்லுக்கு 'இதற்கு இது' என்று கோடு போடுவது எங்ஙனம் பொருந்தும்?

'அஃப்ரெய்ட் ஆஃப்', 'குட் அட்', 'ஆங்க்ரி வித்', 'மேரிட் டு' என்று ஆங்கிலப் பெயரடை ஒவ்வொன்றும் தனக்குரிய முன்னிடைச் சொல்லைக் கூட்டிக்கொண்டு வருகிறது. கணக்கில் கெட்டிக்காரன், 'குட் அட் மேத்ஸ்'. இங்கே நம் 'இல்' அவர்களுடைய 'அட்'. அவளை மணந்தவன், 'மேரிட் டு ஹெர்'. இங்கே நம் 'ஐ' அவர்களுடைய 'டு'. இவற்றைப் பெயரடையும் முன்னிடைச் சொல்லும் சேர்ந்த ஒரே சொல்லாக நினைந்து பழக்குவதே வழி. தனித்தனியே பிரித்துப் பொருள் கேட்டால் பிள்ளையும் குழம்பும், நாமும் குழம்புவோம். ஆங்கிலத்தில் முன்னிடைச் சொற்கள் அளவுக்கு மிஞ்சிக் கிடக்கின்றன என்று நம்மவர் முறையிடுவதைக் கேட்டிருக்கிறேன். நன்னூலார் ஏழாம் வேற்றுமை ஒன்றுக்கே 28 உருபுகள் எண்ணியிருக்கிறார் என்பதை அவர்களுக்கு நினைவூட்ட வேண்டும். அவற்றுள் கண், தலை, வாய், முன், பின், மேல், கீழ் எல்லாம் அடக்கம். 'பக்கம்' என்னும் பொருளுடைய 'சைட்' என்பதிலிருந்து ஆங்கிலத்தில் 'பிசைட்' பிறந்ததும் இதே வழியில்தான்.

'டோல்ட்' என்பதன் பின் 'டு' ஏன் வரவில்லை? பழைய ஆங்கிலத்தில் 'ஹிம்' என்னும் சொல் 'அவனுக்கு' என்னும் நான்காம் வேற்றுமை வடிவம். 'டோல்ட் ஹிம்' என்பதில் உள்ள 'ஹிம்' நம் 'கு' உருபைத் தன் வயிற்றுக்குள் வைத்திருக்கிறது. அதற்கு வெளியே இன்னொரு 'டு' வேண்டியதில்லை. 'மை மதர்' என்னும் பெயரில் ஈறு தேய்ந்து போயிற்று; ஆனால் தொடரின் அமைப்பு மாறவில்லை. 'கேவ் ஹிம்', 'ஷோட் ஹிம்', 'டாட் ஹிம்' யாவும் இவ்வகையினவே. 'செட்' என்பது மட்டும் 'டு' கேட்கும். 'பள்ளியை அடைந்தேன்', 'இதைப் பற்றிப் பேசினோம்' என்பவற்றுக்கு 'ரீச்ட் டு', 'டிஸ்கஸ்ட் அபௌட்' என்று எழுதுவதும் அட்டவணையின் பிள்ளைகளே. 'ரீச்ட்' என்பதிலும் 'டிஸ்கஸ்ட்' என்பதிலும் உருபு வினைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

நான்காம் உருபைப் பற்றிப் பேசும்போது 'எனக்கு' என்பதை விடமுடியாது. எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும். மூன்றிலும் ஆங்கிலம் 'ஐ' என்று எழுவாயாக்கிவிடுகிறது. சிறு பிள்ளைகள் 'மீ ஹங்ரி', 'மீ லைக்' என்று சொன்னால் நாம் நகைக்கிறோம். பழைய ஆங்கிலத்தில் 'எனக்குப் பசிக்கிறது' என்பது போன்ற அமைப்பே வழங்கியது. 'எனக்குத் தோன்றுகிறது' என்னும் பொருளில் 'மீதிங்க்ஸ்' என்னும் சொல்லை ஷேக்ஸ்பியர் தம் நாடகங்களிலும் ஆண்டிருக்கிறார். பிள்ளையின் பிழையைத் திருத்தத்தான் வேண்டும். நகைக்க வேண்டியதில்லை.

மறுநாள் மாலை தந்தையார் வந்தார். நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். சிவப்பு மைக்குப் பக்கத்தில் பென்சிலால் 'மலாய்', 'தமிழ்', 'நான்', 'மலாய்' என்று நான்கு சொற்கள் எழுதியிருந்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "மூன்றாவதில் நான் என்று எழுதியிருக்கிறீர்களே, அது யார் ஐயா?" என்று கேட்டார். அட்டவணையின் கதையைச் சொன்னேன். சிரித்தார், ஆனால் தம் முடிவை அன்று சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. ஆங்கிலம் வேண்டும் என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி.

சுவரில் இருந்த அட்டவணையை அன்றே எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது பால்மரத் தொடர் மூன்று மொழியிலும் எண்ணிட்டுத் தொங்குகிறது. புதிய பள்ளியாண்டு தொடங்கிய அன்று வேனிலிருந்து அந்தப் பெண் இறங்குவதைக் கண்டேன். இப்போது ஆறாம் ஆண்டு. 'இஸ்' ஒழுங்காக வருகிறது. பாட்டியும் 'ஷி' ஆகிவிட்டார். 'வித்' மட்டும் இன்னும் தகராறு செய்கிறது. சென்ற வாரக் கட்டுரையில்கூட அவள் தந்தையார் 'வித் மோட்டார்சைக்கிள்' தான் சிங்கப்பூர் போனார்.